குடைப் படத்துக் கொக்கி

மார்ச் 4, செவ்வாய்

புதிய பணிக் கையேடு இன்று மெயிலில் வந்து விழுந்தது. நான் எழுதிய பழையது ஒல்லிக்குச்சி. இதைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம். ஸ்லைடு சாருக்கு ஒரே பெருமை. (எங்கள் புது எச்.ஆர். மேனேஜர். காலை வணக்கத்தைக்கூடத் திரையில் போட்டுத்தான் சொல்வார். இந்தப் பெயர் இந்த நோட்டைத் தாண்டிப் போகாது.)

கீழே மெஷின் தளத்தில் இருப்பவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் மெயில் போய்விட்டதாம். தளத்தில் பாதிப் பேருக்கு மெயிலே கிடையாது சார் என்றேன். நல்ல பாயின்ட் என்று குறித்துக்கொண்டார். அவர் குறித்துக்கொண்டால் அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார். கோடைக்குப் பிறகு அவருக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல். "அடுத்த சீட் உங்களுதுதான் மேடம். நான் எழுதிக் கொடுத்துட்டேன்."

கீழ்த்தளத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு எச்.ஆர். மேனேஜர் நாற்காலி. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கினேன்.

மார்ச் 5, புதன்

மேனேஜர் ஆகிவிட்டால் வீட்டிலும் லீவு எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று இவர் கேட்டார். கொடுத்தாலும் சாங்ஷன் ஆகாது என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

எட்டாம் நம்பர் மெஷினில் இன்று காலை ஆளே இல்லை. மருந்து அட்டைப்பெட்டியை மடித்து ஒட்டும் மெஷின் அது. லாரி அரைச் சரக்கோடு போனது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார்கள்.

கூத்து மதியத்துக்கு மேல்தான். அதே மெஷினுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி சாயந்தர ஷிஃப்ட்டுப் பெண், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கைக்குழந்தைக்காரி. இன்னொருத்தி காலையில் வந்திருக்க வேண்டியவள். எங்கள் எதிரி.

எதிரி என்றால் நிஜ எதிரி இல்லை. நான் எட்டாம் நம்பரில் சாயந்தர ஷிஃப்ட் பார்த்த காலத்தில் அவள் காலை ஷிஃப்ட். எதிர் ஷிஃப்ட்டுக்காரி, எதிர் ஷிஃப்ட்டுக்காரி என்று சொல்லிச் சொல்லி நாக்கு அலுத்துப் போய் எதிரி ஆனாள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

காலையில் வராதது ஒரு குற்றம், சொல்லாமல் வேறு ஷிஃப்ட்டில் வந்து கைரேகை வைத்தது இன்னொரு குற்றம். புதுக் கையேட்டின்படி இதற்கு வேலையை விட்டே அனுப்பலாம். ஸ்லைடு சார் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஓய்வுக்கு ஒரு வருஷம்கூட இல்லை அவளுக்கு. இப்போது அனுப்பினால் இத்தனை வருஷ உழைப்புக்கும் ஒன்றும் மிஞ்சாது, கெட்ட பெயரைத் தவிர.

எப்படி நடந்தது இது? கடிகாரம் தப்பினாலும் எதிரி தப்ப மாட்டாளே!

மார்ச் 12, புதன்

மதியம் கீழே போனேன். ஒட்டுப் பசை வாசனை. இத்தனை வருஷமாக மாடியில் ஏ.சி.யில் உட்கார்ந்தும் அந்த வாசனை வந்ததும் விரல் நுனி பிசுபிசுக்கிறது.

டீ குடிக்கும் இடத்துச் சுவரில் கப் பலகை அப்படியே இருக்கிறது. தளத்தில் பல பாஷைக்காரர்கள், ஒருத்தர் எழுத்து இன்னொருத்தருக்குப் படிக்க வராது. அதனால் அந்தக் காலத்துத் தச்சர் ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே ஒரு படம் வரைந்தார். கப்பின் அடியிலும் அதே படம். மேல் வரிசை காலை ஷிஃப்ட், கீழ் வரிசை சாயந்தரம். எதிரிக்குக் குடை. அதற்கு நேர் கீழே எனக்குப் பட்டம். மீன், சாவி, வாத்து எல்லாம் உண்டு. வாத்து கிடைத்தவர் வேலையை விடும்வரை அதைச் சொல்லிப் புலம்பினார்.

பலகை சும்மா கப் மாட்ட மட்டுமா? நாளைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் என் கப்பைக் கொண்டுபோய் எதிரியின் குடைக் கொக்கியில் மாட்டுவேன். சம்மதம் என்றால் அவள் தன் கப்பை என் பட்டக் கொக்கியில் மாட்டுவாள். முடியாது என்றால் என் கப்பைத் திருப்பி என் இடத்திலேயே மாட்டிவிடுவாள். மனசு மாறினாலும் அப்படித்தான், கப் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஏன், எதற்கு என்று கேள்வி கிடையாது. சூப்பர்வைசர் பலகையைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்வார். பெரியவர், அதாவது காலமாகிவிட்ட பழைய மேனேஜர், ஒரு நாளும் அதைத் தடுக்கவில்லை. அவரே வந்து நின்று பார்த்து, "இன்னிக்குப் பட்டம் குடைக்குள்ள போயிடுச்சா?" என்று சிரிப்பார்.

நான் சாயந்தரக் கல்லூரியில் தொழிலாளர் சட்டம் படித்ததே அந்தப் பலகையால்தான். வகுப்பு உள்ள நாளெல்லாம் என் கப் குடையில் தொங்கும், அவள் கப் பட்டத்தில். அவள் மகன் அப்போது தவழ்கிற பிள்ளை. சாயந்தரம் முழுக்க மாமியாரிடம் விட்டுவிட்டு என் மெஷினில் நின்றாள். ஒரு நாள்கூட என் கப்பைத் திருப்பி மாட்டியதில்லை.

மெஷினுக்கு முன்னால் ஒரு திருகு ஸ்டூல். அவள் நெட்டை, நான் குட்டை. வந்ததும் திட்டிக்கொண்டே ஸ்டூலை இறக்குவேன். அவள் வந்து திட்டிக்கொண்டே ஏற்றுவாள். இருக்கை இன்னும் சூடாக இருக்கும். வருஷக்கணக்கில் ஒருத்தியை அப்படித்தான் தெரியும் எனக்கு, ஸ்டூலின் உயரமாகவும் இருக்கையின் சூடாகவும். நேரில் பார்த்துப் பேசியது ஷிஃப்ட் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்போது சிரித்தது போல் பிறகு நான் சிரித்ததில்லை.

அங்கேயே நின்றுகொண்டு இதையெல்லாம் நினைத்தேன். பின்னால் ஒரு குரல்: "பலகை சுத்தமா இருக்கா மேடம்?"

பாத்திரம் கழுவ வந்திருக்கும் புது அக்கா. போன வாரம்தான் சேர்ந்தாராம். கப்பெல்லாம் கண்டபடி மாறிக் கிடந்தன, அடியில் இருக்கிற படத்தைப் பார்த்து, தினமும் சாயந்தரம் கழுவி, அவரவர் இடத்தில் மாட்டிவிடுகிறேன் என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

இனிமேல் எடுத்த கொக்கியிலேயே மாட்டுங்கள் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மார்ச் 13, வியாழன்

இருவரையும் தனித்தனியே கேட்டபின் இப்போது புரிகிறது. திங்கள் மதியம் எதிரி தன் கப்பை அந்தச் சாயந்தர ஷிஃப்ட்டுப் பெண்ணின் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். செவ்வாய் காலை வீட்டுக்காரரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்தப் பெண் இவள் கண் எதிரிலேயே கப்பை மாற்றி மாட்டியிருக்கிறாள். இவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த அக்கா இரண்டையும் கழுவி ஒழுங்காக மாட்டிவிட்டார். வேலை முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் பார்த்தால் கப் இரண்டும் வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் போல என்று நினைத்து, மறுநாள் வழக்கம்போல் மதியம் வந்தாள்.

அவ்வளவுதான் விஷயம். ஒருவர் மேலும் தப்பில்லை. ஆனால் யார் சொல்வது? சூப்பர்வைசர் விசில் (தளம் முழுக்கக் கேட்கும்படி விசில் அடித்தே ஆளைக் கூப்பிடுவார், அவர் கொக்கியிலும் விசில் படம்தான்) கேட்டதும் கையை விரித்துவிட்டார். கப்பா? எந்தக் கப்? எனக்கு ஒன்றும் தெரியாது. புதுக் கையேடு வந்ததிலிருந்து ஆளுக்கு ஆள் பயம். அந்தப் பெண் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, வாயைத் திறந்தால் தன் வேலையும் போய்விடுமோ என்று அழுகிறாள்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்லைடு சார் உள்விசாரணைக்கு என்னையே விசாரணை அதிகாரியாகப் போட்டுவிட்டார். எனக்கும் எதிரிக்கும் உள்ள பழக்கம் அவருக்குத் தெரியாது. ஃபார்மாலிட்டிதான் மேடம், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார்.

பெரியவர் இருந்திருந்தால் விசாரணைக்கு முன்னால் ஒரு டீ சொல்லியிருப்பார். எதற்கெடுத்தாலும் முதலில் ஒரு டீ.

மார்ச் 16, ஞாயிறு

எதிரி வீட்டுக்கு வந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டாள். "நீதான் விசாரணைன்னாங்க. அப்பத்தாண்டி எனக்கு உயிரே வந்துச்சு." இவர் காபி போட்டு வைத்துவிட்டு நாசூக்காகக் கடைக்குப் போய்விட்டார்.

எப்படிச் சொல்வேன்? சுற்றி வளைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் நேராகவே சொன்னேன். விசாரணை நாற்காலியில் உட்கார்ந்தால், என் முன்னால் மற்றவர்கள் சொல்வதை வைத்துத்தான் நான் எழுத முடியும். எனக்குத் தெரிந்ததை நானே சேர்த்துக்கொள்ள முடியாது. கப் பழக்கத்தைச் சொல்ல யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். சாட்சியே இல்லாமல் நான் உன்னை விட்டால், சிநேகிதி என்று ஒருவர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும், தீர்ப்பு செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து. அதனால் நான் அந்த நாற்காலியை விட்டு இறங்கிச் சாட்சி சொல்லப் போகிறேன். வேறு யாராவது விசாரிக்கட்டும்.

அவள் முகம் அப்படியே மாறியது. காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உன் கையில பேனா இருக்கு. அதை எவனோ ஒருத்தன் கையில குடுத்துட்டு வந்து எனக்குச் சாட்சி சொல்றேங்கறே."

"அதுதான் நிக்கும், எதிரி. நம்பு."

"உன் சட்டம் எனக்கு வேணாம். நான் உன் ஷிஃப்ட்ட எடுத்தப்போ எந்தச் சட்டத்தப் பாத்து எடுத்தேன்?"

போய்விட்டாள். வாசல்வரை போனேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உட்கார்ந்து அழுதேன். இவர் கடையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் டிரைவர் மனுஷன், சொன்னது இதுதான்: "பஸ்ஸ ஓட்டிக்கிட்டே பாசஞ்சர் சீட்டுலயும் உக்கார முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்." எப்போதும் பஸ்தான் இவருக்கு. ஆனால் சரிதான்.

மார்ச் 17, திங்கள்

இறங்கிவிட்டேன். ஸ்லைடு சார் முகத்தில் முதல் தடவையாக ஸ்லைடு இல்லை. "நிர்வாகத்துக்கு எதிராவா சாட்சி சொல்லப் போறீங்க?" எதிராக இல்லை சார், எனக்குத் தெரிந்ததை என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

பஸ்ஸில் எதிரி எனக்கு முன்சீட்டில். பின்கழுத்தில் நரை முழுக்க ஏறிவிட்டது அவளுக்கு. எப்போது ஏறியது?

மார்ச் 26, புதன்

விசாரணை. வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே எழுதுகிறவர். எதிரி தனியாக உட்கார்ந்திருந்தாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. துணைக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. யாரும் வரவில்லை.

விசில் முதலில். கப் விஷயம் தெரியுமா? தெரியாது. கேள்விப்பட்டதாவது உண்டா? கிடையாது. மனுஷன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு ஞாபகமில்லை என்றாள்.

பிறகு நான். பலகையைப் பற்றி, பட்டமும் குடையும் மாறிய நாட்களைப் பற்றி, என் படிப்பைப் பற்றி, பெரியவர் வந்து நின்று சிரித்ததைப் பற்றி. எழுத்தில் ஏதாவது உத்தரவு உண்டா என்று கேட்டார் வக்கீலம்மா. இல்லை. நிர்வாகம் அனுமதித்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மேனேஜரே வந்து பார்த்துச் சிரித்தார், யாருக்கும் ஒரு நாளும் சம்பளம் பிடிக்கவில்லை, யாருக்கும் மெமோ வரவில்லை. பல வருஷமாக எல்லாரும் அறிய நடந்து வந்த ஒரு வழக்கத்தை, தொழிலாளிக்குத் தெரியும்படி அறிவிக்காமல் ஒரே மெயிலில் குற்றம் ஆக்க முடியாது என்று நான் படித்தது ஞாபகம் வந்தது, அதையும் சொன்னேன். வக்கீலம்மா கையைக் காட்டினார்: சட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். சுருக்கென்றது. நியாயம்தான்.

ஸ்லைடு சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் அந்த அம்மாவுக்குச் சிநேகிதிதானே? ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? எதிரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் சொன்னேன், பலகையை நேரில் வந்து பாருங்கள் என்று. எல்லாரும் கீழே போனோம். பாத்திரம் கழுவும் அக்கா, நான் அன்று சொன்னதிலிருந்து எந்தக் கப்பையும் இடம் மாற்றுவதில்லை. கழுவி, எடுத்த கொக்கியிலேயே மாட்டுகிறார். தான் முன்பு செய்ததை வக்கீலம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டு, தன்னால் ஒரு அம்மாவுக்கு வேலை போகப் போகிறதா என்று கேட்டுக் கண் கலங்கினார்.

வக்கீலம்மா பலகையை ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மேல் வரிசையில் விசில் படம் போட்ட கொக்கியில் ஒரு நீலக் கப். சூப்பர்வைசரிடம் சாதாரணமாகக் கேட்டார், இது உங்களுடையதா?

"இல்ல மேடம், என்னுது கீழ அந்தச் சாவியில இருக்கு. நாளைக்குச் சாயந்தரம் நான்…"

நிறுத்திவிட்டார். வக்கீலம்மா மிட்டாயை மறுகன்னத்துக்குத் தள்ளிவிட்டு, மேலே சொல்லுங்கள் என்றார். மகள் பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம். சாயந்தர சூப்பர்வைசரோடு மாற்றிக்கொண்டிருக்கிறார். கை பாட்டுக்குப் பழக்கத்தில் மாட்டிவிட்டிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எதிரியைப் பார்த்தேன். அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க அவள் அந்தக் காலத்திலும் அப்படித்தான் செய்வாள்.

ஆனால் வெளியே வந்ததும் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

முடிவு வந்தது. வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை, நடைமுறை நிர்வாகத்துக்குத் தெரிந்தே இருந்தது, புது விதி தளத்துக்குச் சரியாக அறிவிக்கப்படவில்லை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. எதிரியின் வேலை அவளுக்கே. தலைமை அலுவலகமும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரி வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அடுத்த சீட் எனக்கு இல்லை. வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்களாம். ஸ்லைடு சார் ரொம்ப மரியாதையாகச் சொன்னார், திரையில் போடாமல். சாட்சி சொன்னதற்காக ஒருவருக்கு எதையும் மறுக்கக் கூடாது என்று அவர் கையேட்டிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் காட்டலாமா என்று யோசித்தேன். அவர் காரணம் என்று எதையும் எழுத்தில் வைக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும்.

வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும்.

ஏப்ரல் 12, சனி

இவர் பாத்திரம் முழுவதையும் தேய்த்து வைத்திருக்கிறார். எல்லாம் தப்புத் தப்பான இடத்தில்.

மே 6, செவ்வாய்

ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதற்கு ஒரு கொள்கை எழுதும் வேலை எனக்கு. வக்கீலம்மாவின் பரிந்துரை. பலகையை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று பெரிய கூட்டம். நான் ஒற்றைக் காலில் நின்றேன். பலகை இருக்கிறது.

எழுதும்போது கை வரவில்லை. 'கப்பை மாற்றி மாட்டுதல் விண்ணப்பமாகக் கருதப்படும்.' பெரியவர் படித்திருந்தால் டீயைத் துப்பிச் சிரித்திருப்பார். சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கழுவும்போது இடம் மாற்றக் கூடாது. ஒரே பிரிவில், ஒரே மெஷின் பயிற்சி பெற்ற இருவர் மட்டுமே மாற்றிக்கொள்ளலாம். தளத்தில் எத்தனை பாஷையோ அத்தனை பாஷையிலும் ஒட்ட வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஏன், எதற்கு என்று கேட்காமல் இருப்பதை எப்படி விதியில் எழுதுவது? அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

மே 23, வெள்ளி

விசில் மாடிக்கு வந்து என் மேஜைமேல் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 16, திங்கள்

புது மேனேஜர் சேர்ந்தாள். சின்ன வயசு, சுறுசுறுப்பு. எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்கிறாள். இவள் குறித்துக்கொண்டால் செய்கிறாள். தளத்தைக் காட்டச் சொன்னாள். மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கீழே கூட்டிப் போனேன். ஒட்டுப் பசை வாசனைக்கு மூக்கைச் சுளித்தாள். பழகிவிடும் என்றேன்.

பலகையைக் காட்டினேன். பக்கத்தில் என் கொள்கை, கண்ணாடிச் சட்டத்துக்குள், எல்லாப் பாஷையிலும். அவள் வரிவரியாகப் படித்தாள். நான் பலகையைப் பார்த்தேன்.

குடைக் கொக்கி காலி.

அதற்கு நேர் கீழே பட்டம். நான் மாடிக்குப் போனதிலிருந்து யாருக்கும் கொடுக்காமல் வெறுமனே கிடந்த கொக்கி. அதில் எதிரியின் கப் தொங்கியது. காது உடைந்து ஒட்டவைத்த அதே கப். அடியில் குடை.

திரும்பிப் பார்த்தேன். எட்டாம் நம்பரில் அந்தப் பெண் வந்து நிற்கிறாள். எதிரி பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போகிறாள். ஸ்டூலை இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள், என் உயரத்துக்கு. அந்தப் பெண் அதை ஏற்ற முடியாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

புது மேனேஜர் விரலை வைத்துக் கேட்டாள், இந்தப் பட்டம் யாருடையது, எந்தப் பிரிவு என்று. என்னுடையதுதான் என்றேன். அவள் சட்டத்தையும் கப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே பிரிவு இல்லையே, உங்கள் விதிப்படியே இது செல்லாதே என்றாள்.

செல்லாது என்றேன்.

மாடிக்குப் போய் என் மேஜையிலிருந்த கப்பை எடுத்துக் கழுவினேன். பென்சில் போட்டு வைத்திருந்தேன் அதில், அடியில் பட்டம் பாதி அழிந்துவிட்டது. கீழே வந்து குடைக் கொக்கியில் மாட்டினேன். அலாரத்தைக் காலை ஷிஃப்ட்டுக்கு வைத்திருக்கிறேன்.